வகையும் வடிவமும்: படிநிலைப் பகுப்பும் பக்க வார்ப்புருவும் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வகுத்தும் தொகுத்தும் அறிதல் அறிவு முயற்சிகள் யாவற்றுக்கும் அடிப்படையாகும். தமிழிலக்கண மரபு பொருள்களை உயர்திணை, அஃறிணை என இரண்டாக வகுத்து, அவற்றை மேலும் ஐந்து பால்களாகப் பகுத்தது. அப்பகுப்பு வெறும் பட்டியலாக நின்றுவிடவில்லை. ஒரு பெயர் எந்தப் பாலுள் அடங்குகின்றது என்பதே அது கொண்டு முடியும் வினையின் ஈற்றைத் தீர்மானித்தது. வகையிற் பெற்ற இடம் வடிவத்தையும் உடன் வழங்கிற்று.

வகைக்கும் வடிவத்துக்கும் உள்ள இத்தகைய இயைபு எல்லாத் துறைகளிலும் தானே அமைந்துவிடுவதில்லை. இன்று கட்டுரை, செய்தி, ஆவணம் முதலியவற்றை இணையத்தளங்களில் வெளியிட உதவும் மென்பொருள்கள் உள்ளடக்க முகாமைத்துவ முறைமைகள் எனப்படுகின்றன. அவற்றில் ஆக்கங்கள் பிரிவு, உட்பிரிவு, அதன் உட்பிரிவு எனக் கிளைவிடும் மரமாக ஒழுங்கு செய்யப்படுகின்றன. ஒவ்வொரு பிரிவின் பக்கமும் எவ்வாறு தோன்றவேண்டும் என்பதை வார்ப்புரு எனப்படும் அச்சு நிர்ணயிக்கின்றது. ஒரு பிரிவுக்கென அமைத்த வார்ப்புரு அதன் உட்பிரிவுகளுக்கும் தானே வந்து சேருமா? வாராதாயின் அதனை வருவித்தற்கு மேற்கொள்ளப்பட்ட முயற்சிகள் யாவை? மேலோட்டமாக நோக்குவோர்க்குத் தொழில்நுட்ப வினாவாகத் தோன்றும் இது, வகைப்படுத்தப்படும் பொருளுக்குரிய உருவத்தை யார் தீர்மானிப்பது என்னும் வினாவையும் தன்னகத்தே கொண்டுள்ளது. இதன் வரலாறு கணினிக்கு முன்னரே, நூலகத் தட்டுகளிலே தொடங்குகின்றது.

நூலகப் பகுப்பாக்கம்

1876ஆம் ஆண்டு அமெரிக்காவில் மெல்வில் தூயி என்பார் தமது தசமப் பகுப்புத் திட்டத்தை 44 பக்கங்களே கொண்ட சிறு நூலாக வெளியிட்டார். அறிவு முழுவதும் பத்து வகுப்புகளாகவும், ஒவ்வொரு வகுப்பும் பத்துப் பிரிவுகளாகவும், ஒவ்வொரு பிரிவும் பத்து உட்பிரிவுகளாகவும் பகுக்கப்பட்டது. எண்ணின் நீளமே படிநிலையின் ஆழத்தைக் காட்டிற்று. இத்திட்டத்தின் எளிமை உலகெங்கும் அது பரவக் காரணமாயிற்று. இலங்கையின் நூலகங்கள் பலவும் இதனையே பின்பற்றுகின்றன.

எனினும் மரத்தின் எந்தக் கிளையில் ஒரு பொருள் அமர்த்தப்படுகின்றது என்பது நடுநிலையான செயலன்று. இலக்கியத்துக்குரிய 800 என்னும் வகுப்பில் ஆங்கில இலக்கியம் 820 எனவும் ஜேர்மன் இலக்கியம் 830 எனவும் இரண்டாம் படியிலேயே இடம் பெற்றன. தமிழிலக்கியமோ ஏனைய மொழிகளின் இலக்கியங்களுக்குரிய 890இன் கீழ், 894, 894.8, 894.81 எனப் படிகள் பல இறங்கிய பின்னரே 894.811 என்னும் எண்ணைப் பெற்றது. சமயத்துக்குரிய 200 என்னும் வகுப்பில் 220 முதல் 280 வரையிலான எண்கள் கிறித்தவத்துக்கே ஒதுக்கப்பட்டன. பௌத்தம் 294.3 எனவும் இந்துசமயம் 294.5 எனவும் 290 என்னும் ஒரே பிரிவின் கீழ்ப் புள்ளியிட்டு எழுதவேண்டியனவாயின.

இத்திட்டத்தில் வார்ப்புருவுக்கு நிகரான ஓர் அமைப்பும் உண்டு. இலக்கியம் எம்மொழியினதாயினும் அதன் எண்ணோடு கவிதைக்கு 1, நாடகத்துக்கு 2, புனைகதைக்கு 3 எனப் பொது இலக்கங்கள் சேர்க்கப்படுகின்றன. ஆங்கிலக் கவிதை 821 ஆகின்றது. தமிழ்க் கவிதை 894.8111 ஆகின்றது. ஒரே அச்சு எல்லா மொழிகளுக்கும் இறங்கி வருகின்றது. இதன் வசதி வெளிப்படை. ஆயின் அகம், புறம் என்னும் பாகுபாட்டையே முதன்மையாகக் கொண்டு வளர்ந்த ஓர் இலக்கியத்துக்கு அப்பாகுபாடு இவ்வச்சில் இடம் பெறவில்லை என்பதும் வெளிப்படை. பொது அச்சு இறங்கி வருமிடத்துச் சிறப்பியல்பு மறைந்துபோகும் இடர்ப்பாட்டுக்கு இது தக்க சான்றாகும்.

இக்குறையைத் திட்டத்தின் பதிப்பாசிரியர்களும் உணராதிருக்கவில்லை. தத்தம் நாட்டுக்குரிய இலக்கியத்தையோ சமயத்தையோ முன்னிறுத்த விரும்பும் நூலகங்கள் குறுகிய எண்ணை அதற்கு வழங்கிக்கொள்ளலாம் என மாற்றுத் தெரிவுகள் அட்டவணையிலேயே தரப்பட்டன. மையத்தில் உள்ள அட்டவணையைத் திருத்தாது, தன்னிடத்தே மட்டும் வேறுபாட்டை ஆக்கிக்கொள்ளும் இவ்வழியைப் பின்வந்த கணினி முறைமைகளிலும் காணலாம்.

மரவடிவப் பகுப்பின் அடிப்படையையே மறுபரிசீலனை செய்தவர் சீர்காழியிற் பிறந்த சீ. இரா. அரங்கநாதன் (1892–1972) ஆவார். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பொறுப்பேற்ற அவர், இலண்டனில் நூலகவியல் பயின்ற காலத்தில், சிறு உலோகத் துண்டுகளை இணைத்துப் பல பொம்மைகளை ஆக்கும் விளையாட்டுப் பொருளொன்றைக் கண்டு தமது முறைக்கான கருத்தைப் பெற்றார். 1933இல் வெளிவந்த அவரது கோலன் பகுப்புத் திட்டம் ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே எண் வகுத்து வைக்கவில்லை. பொருளின் பல முகங்களைத் தனித்தனியே குறித்துப் பின்னர் இணைத்தது. இலக்கிய நூலொன்று மொழி, வடிவம், ஆசிரியர், நூல் என்னும் முகங்களின் சேர்க்கையாக நோக்கப்பட்டது. ஒரு பொருளுக்கு மரத்தில் ஒரே இடந்தான் உண்டு என்னும் கொள்கை இதனால் தளர்ந்தது. இன்றைய முறைமைகள் ஓர் ஆக்கத்தைப் பல பிரிவுகளிலும் குறிச்சொற்களிலும் ஒருங்கே சேர்க்க இடமளிப்பதை நோக்கும்போது அரங்கநாதனின் தொலைநோக்குப் புலனாகும்.

உள்ளடக்கமும் உருவமும் பிரிந்தமை

கணினித் துறையில் இரண்டு தனித்தனி வளர்ச்சிகள் இவ்விடயத்துக்கு வழிகோலின. ஒன்று தரவைச் சேமிக்கும் முறை பற்றியது. மற்றது உருவத்தை உள்ளடக்கத்தினின்றும் பிரிப்பது பற்றியது.

1960களில் அப்பலோ விண்வெளித் திட்டத்தின் தேவைக்கென ஐ.பி.எம். நிறுவனம் பங்குகொண்டு உருவாக்கிய ஐ.எம்.எஸ். என்னும் முறைமை தரவைப் பெற்றோர், பிள்ளை என்னும் மரவடிவிலேயே சேமித்தது. 1970இல் அதே நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் கொட் தரவு யாவற்றையும் அட்டவணைகளாகக் கொள்ளும் உறவுநிலை மாதிரியை முன்வைத்தார். காலப்போக்கில் அட்டவணையே வென்றது. ஆயின் அட்டவணையில் வரிசைகள் உண்டேயன்றிக் கிளைகள் இல்லை. எனவே மரத்தை அட்டவணைக்குள் எழுதும் உத்திகள் வேண்டப்பட்டன. அவற்றுள் எளியது, ஒவ்வொரு வரிசையிலும் அதன் பெற்றோரின் எண்ணைக் குறித்துவைப்பதாகும். மூதாதையரை அறிய வேண்டின் ஒவ்வொரு படியாக மேலேறிச் செல்லவேண்டும். மற்றையது, ஒவ்வொரு கணுவுக்கும் இடஎண், வலஎண் என இரண்டு எண்களை வழங்குவதாகும். ஒரு கணுவின் வழித்தோன்றல்கள் யாவும் அதன் இரு எண்களுக்கும் இடைப்பட்ட எண்களையே பெறும். இதனால் மூதாதையர் அனைவரையும் ஒரே வினவலிற் பெறலாம். ஆனால் புதிய கிளை ஒன்று சேரும்போது ஏனைய எண்கள் பலவற்றை மாற்றியமைக்க நேரிடும்.

உருவத்தைப் பிரிக்கும் முயற்சியும் அதே காலத்துக்குரியது. 1969இல் சார்ள்ஸ் கோல்ட்ஃபார்ப் முதலிய மூவர் ஐ.பி.எம். நிறுவனத்தில் உருவாக்கிய குறிமொழி, ஓர் ஆவணத்தின் பகுதி தலைப்பா, பந்தியா என்பதை மட்டும் குறித்தது. அது அச்சில் எவ்வாறு தோன்றவேண்டும் என்பதை வேறிடத்தில் வைத்தது. அக்கொள்கை 1986இல் சர்வதேச நியமமாயிற்று. வலைப்பக்கங்களுக்கான நடைத்தாள் 1996இல் அதே வழியில் வெளிவந்தது. உள்ளடக்கம் தரவுத்தளத்திலும் உருவம் வார்ப்புருவிலும் இருக்க, பக்கம் கேட்கப்படும் கணத்தில் இரண்டும் கூடும் நிலை இவ்வாறு உருவாயிற்று.

2001ஆம் ஆண்டு இத்துறையில் முக்கியமானது. அவ்வாண்டில் ட்ரூப்பல், மூவபிள் டைப் ஆகியவை வெளிவந்தன. மூவபிள் டைப் பிரிவுத் தொகுப்புகளுக்கெனத் தனி வார்ப்புருவைக் கொண்டிருந்தது. ட்ரூப்பல் சொற்றொகுதிகளைப் படிநிலையாக அமைக்கவும், ஒரு சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெற்றோரை வழங்கவும் இடமளித்தது. 2003 மே மாதத்தில் மட் முல்லன்வெக், மைக் லிற்றில் ஆகியோர், கைவிடப்படும் நிலையிலிருந்த பீ2 என்னும் மென்பொருளினின்றும் வேர்ட்பிரஸ் முறைமையை உருவாக்கினர். 2005இல் மாம்போ என்னும் முறைமையிலிருந்து ஜூம்லா கிளைத்தது. இவற்றுள் மிகப் பரவலாகப் பயன்படுவது வேர்ட்பிரஸ் ஆதலின், அதனையே இங்கு விரிவாக நோக்குதல் பொருந்தும்.

இரு படிநிலைகள்

வேர்ட்பிரஸின் தொடக்ககாலப் பதிப்புகளில் தளத்தின் தோற்றம் பெரும்பாலும் ஒரே கோப்பில் அடங்கியிருந்தது. பிரிவுக்குப் பிரிவு பக்கம் வேறுபட வேண்டின் அக்கோப்பினுள்ளேயே நிபந்தனைகளை எழுதவேண்டியிருந்தது. 2005 பெப்ரவரியில் வெளிவந்த 1.5ஆம் பதிப்பு தோற்றத்தொகுதி என்னும் அமைப்பை அறிமுகஞ் செய்தது. அதனுடன் வார்ப்புருப் படிநிலை என்னும் தேடல் ஒழுங்கும் உருவாகி வளர்ந்தது.

இவ்வொழுங்கு இன்று பின்வருமாறு செயற்படுகின்றது. ஒரு பிரிவின் பக்கம் கேட்கப்பட்டதும், முதலில் அப்பிரிவின் முகவரிப் பெயரைத் தாங்கிய கோப்பு உண்டா எனத் தேடப்படும். இல்லையெனின் அப்பிரிவின் எண்ணைத் தாங்கிய கோப்பு. அதுவும் இல்லையெனின் எல்லாப் பிரிவுகளுக்கும் பொதுவான கோப்பு. அதன்பின் எல்லாவகைத் தொகுப்புகளுக்கும் பொதுவான கோப்பு. இறுதியில் தளம் முழுமைக்குமான முதற்கோப்பு. சிறப்பிலிருந்து பொதுவுக்கு இறங்கும் இவ்வொழுங்கினால், கோப்பு எதுவும் இல்லாவிடினும் பக்கம் தோன்றாதொழிவதில்லை.

பெற்றோர் பிரிவு இத்தேடலில் எங்கும் இடம் பெறவில்லை என்பது இங்கே கருதத்தக்கது. எடுத்துக்காட்டாக, ஒரு தளத்தில் இலக்கியம் என்னும் பிரிவும், அதன்கீழ்ச் செவ்வியல் இலக்கியமும், அதன்கீழ் அகமும், அதன்கீழ்க் குறிஞ்சி முதலிய ஐந்திணைகளும் உட்பிரிவுகளாக அமைந்துள்ளன எனக் கொள்வோம். செவ்வியல் இலக்கியத்துக்கெனப் பாடல், அருஞ்சொற்பொருள், உரை என மூன்று கூறுகளையும் முறையாகக் காட்டும் வார்ப்புரு ஒன்று அமைக்கப்படுகின்றது. குறிஞ்சியின் பக்கத்தைத் திறப்பவருக்கு அது கிட்டாது. முறைமை குறிஞ்சிக்குரிய கோப்பைத் தேடும். காணாதவிடத்துத் தந்தையாகிய அகத்தையோ பாட்டனாகிய செவ்வியல் இலக்கியத்தையோ வினவாது, செய்தி அறிவித்தலுக்கும் விளையாட்டுச் செய்திக்கும் உரிய அதே பொதுக்கோப்பைக் கொண்டுவந்து நிறுத்தும். பாடலும் உரையும் வேறுபாடின்றிச் சுருக்கப் பந்திகளாகத் தோன்றும்.

இதன் காரணம், இரண்டு படிநிலைகள் ஒரே பெயரால் வழங்கப்படுவதே எனலாம். பிரிவுகளின் மரம் பொருளின் படிநிலையாகும். வார்ப்புருத் தேடல் பக்கவகையின் படிநிலையாகும். முன்னதில் குறிஞ்சிக்கு மேலுள்ளது அகம். பின்னதில் குறிஞ்சிக்கு மேலுள்ளது பிரிவு என்னும் பொதுமை. ஒன்றில் ஏறுபவர் மற்றதில் ஏறுவதில்லை. உட்பிரிவிற் சேர்த்த ஆக்கங்கள் பெற்றோர் பிரிவின் பக்கத்திலும் இயல்பாகவே காட்டப்படுகின்றன என்பதையும் இதனோடு ஒப்பிடலாம். உள்ளடக்கம் மரத்தில் மேலேறுகின்றது, உருவமோ கீழிறங்குவதில்லை. படிநிலைப் பிரிவுகளை நாடி வருவோர் முதன்முதலில் எதிர்கொள்ளும் வியப்பு இதுவேயாகும்.

ஏனைய முறைமைகளும் இச்சிக்கலுக்கு விதிவிலக்கல்ல. 2011 ஜனவரியில் வெளிவந்த ட்ரூப்பல் 7, சொற்றொகுதியின் பெயராலும் தனிச்சொல்லின் எண்ணாலும் வார்ப்புருவைத் தெரிவுசெய்ய வழிவகுத்தது. மூதாதைச் சொல் அங்கும் தேடலில் இல்லை. அதே மாதத்தில் வெளிவந்த ஜூம்லா 1.6, அதுவரை இரண்டு படிகளோடு நின்ற பகுப்பை நீக்கி, இடஎண், வலஎண் முறையால் எல்லையற்ற ஆழத்தை வழங்கியது. பிரிவுக்குரிய மாற்று அமைப்பை அப்பிரிவின் பதிவிலேயே தெரிவு செய்யும் வசதியும் அதில் ஏற்பட்டது. கோப்பின் பெயரிலே தங்கியிருந்த தீர்மானம் இதனால் பதிவாளரின் தெரிவுக்கு மாறிற்று.

வேறுபாட்டை வைக்கும் இடம்

பெற்றோரின் வார்ப்புருவைப் பிள்ளைக்கு வழங்குதற்குக் கையாளப்பட்ட வழிகளைக் கால ஒழுங்கில் நோக்கின் ஒரு போக்குப் புலனாகின்றது.

முதலாவது வழி, முறைமையின் மூலநிரலையே திருத்துவதாகும். இது விரைவில் பயன் தந்தது. ஆயின் அடுத்த பதிப்பு வந்ததும் திருத்தம் அழிந்துபோயிற்று. திருத்தத்தைக் காக்க விரும்பியோர் புதிய பதிப்பைத் தவிர்த்தனர். அதனால் பாதுகாப்புக் குறைகளுடன் காலங்கழிக்க நேர்ந்தது.

இரண்டாவது வழி, ஒவ்வோர் உட்பிரிவுக்கும் அதே கோப்பைப் பெயர்மாற்றிப் படியெடுத்து வைப்பதாகும். ஐந்து திணைகளுக்கு ஐந்து படிகள் வேண்டும். மூலத்தில் ஒரு பிழை திருத்தப்படின் ஐந்திலும் திருத்தவேண்டும். ஏடு பெயர்த்தெழுதிய காலத்தில் பாடவேறுபாடுகள் பெருகியவாற்றை அறிந்தோர்க்கு இதன் விளைவை விளக்கவேண்டுவதில்லை.

எண்ணைத் தாங்கிய கோப்புகளும் நிலைபேறுடையன என நம்பப்பட்டன. 2007 செப்ரெம்பரில் வேர்ட்பிரஸ் 2.3 பிரிவுகளையும் குறிச்சொற்களையும் பொதுவான அட்டவணைகளில் ஒன்றிணைத்தது. அதனால் ஒரே பெயர்கொண்ட பிரிவும் குறிச்சொல்லும் ஒரே எண்ணைப் பகிரும் நிலை ஏற்பட்டது. ஒன்றின் பெயரை மாற்றின் மற்றதும் மாறிற்று. இக்குறையை நீக்க 2015இல் வெளிவந்த 4.2, 4.3 ஆகிய பதிப்புகள் பகிர்ந்த சொற்களைப் பிரித்தன. பிரிந்தவற்றுள் ஒன்றுக்குப் புதிய எண் வழங்கப்பட்டது. எண்ணை நம்பிப் பெயரிட்ட கோப்பு, அவ்வாறு எண் மாறியவிடத்துத் தன் பிரிவை இழந்தது. பகுப்பெண் திருத்தப்பட்டபோது தட்டிலுள்ள நூல்களுக்குப் புதிய சிட்டை ஒட்ட நேர்ந்த நூலகரின் நிலை இங்கு மீண்டும் தோன்றிற்று எனலாம்.

மூன்றாவது வழி, மையத்தை மாற்றாது அதன் தீர்மானத்தில் இடையிட்டுக் கூறுவதாகும். பிரிவுக்கான வார்ப்புருவை முறைமை தெரிவுசெய்யும் கணத்தில் அத்தெரிவை மாற்றுதற்கு வடிகட்டி எனப்படும் வாயில் ஒன்று உண்டு. அதில் எழுதப்படும் சிறு நிரல், காட்டப்படும் பிரிவிலிருந்து தந்தை, பாட்டன் என ஒவ்வொரு படியாக ஏறி, எந்த மூதாதைக்குக் கோப்பு முதலிற் கிடைக்கின்றதோ அதனை வழங்கும். எதுவும் கிடையாதவிடத்து முறைமையின் தெரிவே நிற்கும். இதனால் செவ்வியல் இலக்கியத்துக்கு அமைத்த ஒரே வார்ப்புரு ஐந்திணைக்கும் உதவும். பாலைக்கு மட்டும் வேறு அமைப்பு வேண்டின் பாலைக்கெனத் தனிக்கோப்பு வைத்தால் அது முந்திக்கொள்ளும். பொதுமையும் சிறப்பும் ஒன்றையொன்று அழியாது நிற்கும் ஏற்பாடு இது. 2008 டிசம்பரில் வெளிவந்த 2.7ஆம் பதிப்பு முதல், சேய்த் தோற்றத்தொகுதியிலுள்ள கோப்புகள் தாய்த்தொகுதியின் கோப்புகளை மீறி நிற்கவும் வழி ஏற்பட்டது. தாய்த்தொகுதி புதுப்பிக்கப்பட்டாலும் சேயில் வைத்த வேறுபாடு அழிவதில்லை.

ஒன்றை மறத்தலாகாது. மூதாதையைத் தேடும் நிரல் பிரிவின் பக்கத்துக்கு விடை தரும். தனியாக்கத்தின் பக்கத்துக்கு எளிதில் விடை தராது. ஒரு பாடல் குறிஞ்சியிலும் பெண்பாற் புலவர் என்னும் பிரிவிலும் ஒருங்கே இடம்பெறின் எந்தத் தந்தையின் உருவத்தை அது பெறவேண்டும்? இவ்வினாவுக்கு மரத்தில் விடையில்லை. தொகுப்பாசிரியர் ஒன்றை முதன்மைப் பிரிவாகத் தெரிந்துரைக்க வேண்டும். அரங்கநாதன் கண்ட பன்முகச் சிக்கல் இங்கு மீண்டும் எழுகின்றது.

2022 ஜனவரியில் வெளிவந்த 5.9ஆம் பதிப்பு, தொகுதிகளை அடுக்கி வார்ப்புருக்களைத் திரையிலேயே அமைக்கும் முறையைக் கொணர்ந்தது. பயனர் செய்யும் மாற்றம் கோப்பில் எழுதப்படாது தரவுத்தளத்திற் பதிவாகின்றது. நிரல் எழுதுவோருக்கு மட்டும் உரியதாயிருந்த அதிகாரம் இதனால் தொகுப்பாசிரியரையும் சென்றடைந்தது. ஆயினும் தேடல் ஒழுங்கு பழையதே. தந்தையை வினவும் வழக்கம் அதனுள் இயல்பாகப் புகவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படுவது யாதெனின், வகைமரம் ஒரு பொருளுக்கு இடத்தை வழங்குகின்றதேயன்றி உருவத்தை வழங்குவதில்லை என்பதாகும். உருவம் ஒவ்வொரு காலத்தும் ஒருவரது தீர்மானத்தால் வந்தது. தீர்மானிப்பார் இல்லாதவிடத்துப் பொது அச்சே அவ்விடத்தைக் கைப்பற்றியது. பொது அச்சு எவருடைய தேவையை மனத்திற்கொண்டு ஆக்கப்பட்டதோ அவருக்கே அது முழுதும் பொருந்தும். 820ஐப் பெற்ற இலக்கியத்துக்கும் 894.811ஐப் பெற்ற இலக்கியத்துக்கும் இடையிலான வேறுபாடு எண்ணின் நீளத்தோடு முடிவதன்று.

நூலகங்களின் மாற்றுத் தெரிவும், மென்பொருளின் சேய்த் தொகுதியும் வடிகட்டியும் ஒரே படிப்பினையைத் தருகின்றன. மையத்தைச் சிதைத்துப் பெற்ற வேறுபாடு அடுத்த பதிப்போடு அழிந்தது. மையத்துக்கு வெளியே, அதனோடு இயைந்து நிற்கும் இடத்தில் வைத்த வேறுபாடு நிலைத்தது. தமிழ் நூல்களையும் ஆவணங்களையும் எண்ணிம வடிவிற் பேணும் முயற்சிகள் பெருகிவரும் இக்காலத்தில், பிரிவுகளின் பெயர்ப்பட்டியலைத் தயாரிப்பதோடு பணி முடிந்துவிடுவதில்லை. பாடலுக்கு எந்தப் பக்கம், உரைக்கு எந்தப் பக்கம், ஓலைச்சுவடியின் படத்துக்கு எந்தப் பக்கம் என்பதும், அவ்வடிவம் எந்தப் படியிலிருந்து எந்தப் படிவரை இறங்கவேண்டும் என்பதும் பொருளறிந்தோரால் தீர்மானிக்கப்படவேண்டும். அத்தீர்மானத்தைப் பொருளறியாத பொதுக்கோப்பிடம் விட்டுவிடின், குறிஞ்சிப் பாட்டும் விளையாட்டுச் செய்தியும் ஒரே தோற்றத்தில் நிற்பதைத் தவிர்த்தல் அரிது.